அழித்து எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு

றப்பர் தேய்த்த தாளுக்கு ஒரு மணம் இருக்கிறது. சூடேறிய தூசியும் லேசாக அடிப்பிடித்த பாலும் கலந்தது போல. போன கிழமை மகள் மேசையில் ஏதோ படம் கீறி, பிடிக்காமல் அழித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்றேன். மணம் வந்ததும் கை தன்பாட்டில் தண்ணீர்க் குழாயை மூடியது. காது வாசற்கதவுப் பக்கம் திரும்பியது. யாரோ தட்டப்போகிறார்கள். தட்டினால் அசையக்கூடாது.

ஒருவரும் தட்டவில்லை. நாங்கள் இப்போது இருக்கிற புறநகர் ஸ்ரௌவ்வில்லில் ஒருவர் கதவை ஒருவர் தட்டுவதில்லை. காரைக் கராச்சுக்குள் விட்டுக் கதவை இறக்கினால் அன்றைய மனித வாசனை முடிந்தது.

என் வயதுக்காரரே, தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் வளர்ந்தவர்களே, உங்களுக்கும் ஒரு கதவுப் பயம் இருந்திருக்கும். வாடகை கேட்டு வருகிறவர், இமிகிரேசன்காரர், பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று சொல்லப்பட்ட ஒவ்வீஸ்காரர். எங்கள் கதவுக்கு வெளியே நின்ற பயம் ஒரு ரீச்சர். மண்ணிறக் கோட்டு. மின்ற் இனிப்பு மணக்கும் மூச்சு. அக்காவின் பள்ளிக்கூடத்து கைடன்ஸ் ரீச்சர். எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கவேண்டும் என்று பார்க்கிறவர்.

பயம் ஒரு சொல்லில் தொடங்கியது.

அக்காவுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது, எனக்குப் பத்து. யாழ்ப்பாணத்தில் ஷெல் சத்தத்துக்குள் படித்து, கொழும்பு லொட்ஜில் படிக்காமல் கிடந்து, இங்கே வந்து வாயே திறக்காமல் போன பிள்ளை அவள். கணக்கு ஓடும். ஆங்கிலம் அச்சடித்த மாதிரி எழுதுவாள். கதைக்கச் சொன்னால் உதட்டைக் கடிப்பாள். பனிக்காலத்தில் ஒருநாள் ரீச்சர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

இனி நாளுக்கு ஒரு பாடவேளை உங்கள் மகளை ஸ்பெசல் வகுப்பில் விட விரும்புகிறோம் என்றார் ரீச்சர், ஆங்கிலத்தில், மெதுவாக.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். "ஸ்பெசல்?"

"யெஸ். ஸ்பெசல்."

அப்பா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ரீச்சரின் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. சம்மதம் கேட்டு வாதாடத் தயாராக வந்தவர், நன்றி வாங்கிக்கொண்டு நின்றார்.

இலங்கையில் கம்பசுக்குப் போனவர்களுக்குத்தான் அந்தக் கைகுலுக்கலின் கனம் தெரியும். அங்கே பட்டம் இரண்டு வகை. ஜெனரல் எல்லோருக்கும். ஸ்பெசல் கெட்டிக்காரருக்கு. அப்பா ஜெனரல். கச்சேரியில், அரசாங்க ஒவ்வீசில், பெரிய மேசையில் இருந்தும் கலியாண வீடுகளில் மச்சான்மார் "அத்தான் ஜெனரல்தானே" என்று ஒரு சொட்டு விடுவார்கள். அப்பா பந்தியில் அப்பளத்தை நொறுக்கியபடி சிரிப்பார். இப்போது ரொறன்ரோ உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற அந்தக் கைகளுக்கு, அவருக்குக் கிடைக்காத சொல்லை ஒரு வெள்ளைக்காரி தூக்கிக் கொடுத்திருக்கிறா.

அம்மா உளுந்து நனையப்போட்டா. எங்கள் மாடியில் எல்லாக் கதவுக்கும் வடை போனது. "ஸ்பெசலோ? வந்து இன்னும் வருசமாகேல்லை, பாருங்கோவன்," என்றா எதிர்வீட்டு அன்ரி. அவவுக்கும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

அக்கா அந்த வகுப்பைப் பற்றி எனக்கு மட்டும் சொல்லுவாள். சின்ன அறையாம். அதே ரீச்சர் கேத்திலில் தண்ணீர் சுடவைத்துத் தேத்தண்ணி தருவாவாம். வியட்நாம் பொடியன் ஒருத்தன், சோமாலியப் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா. ஒவ்வொருவராகப் பத்திரிகையில் வானிலையை உரத்து வாசிக்கவேண்டும். "நான் இண்டைக்குப் பனிப்புயலை வாசிச்சனான்," என்று ஒருநாள் சொன்னாள், தானே அதை இறக்கிவிட்டது போல.

கோடை முடிகிற நேரம், ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், கேக் தட்டோடு நின்ற அப்பா இங்கேயே வளர்ந்த பெடியன் ஒருத்தனுக்குப் பெருமையாகச் சொன்னார், தன் மகள் ஸ்பெசலில் படிக்கிறாள் என்று. அவன் வாய்க்குள் இருந்த கேக்கை விழுங்கிவிட்டு, "ஸ்பெசல் எட்? அங்கிள், தட்ஸ் ஃபோர் த ஸ்லோ கிட்ஸ்," என்றான். கெட்ட பிள்ளை அல்ல. உண்மையென்று நினைத்ததைச் சொன்னான்.

அப்பாவின் கையில் கடதாசித் தட்டு மெல்ல மடிந்தது. ஐசிங் சேட்டில் வழிந்தது.

எலிவேற்றரில் எங்கள் நாலு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. "என்ர பிள்ளையை மொக்குகளோட விட்டிட்டாள். நான் அவளின்ர கையைக் குலுக்கிப்போட்டு வந்திருக்கிறன்."

"அப்பா, அது அப்பிடியில்லை —"

"நீ கதைக்காதை."

அக்கா கதைக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளை ஆங்கிலம் கதைக்கவைப்பதற்காகவே நடந்த வகுப்பிலிருந்து அவளை நிற்பாட்டிய விதம் அது. செப்ரெம்பரில் எல்லோருடைய புத்தகப்பைகளும் வெளிக்கிட்டன. அக்காவுடையது கதவு மூலையில் சப்பாத்துகளோடு இருந்தது.

அப்பா ஒரு சொல்லை நம்பிக் கெட்டவர். அதன்பிறகு ஆட்களை எல்லாம் சந்தேகப்பட்டார். சொற்களை மட்டும் திரும்பவும் நம்பினார்.

இரண்டாவது சொல்லைக் கொண்டுவந்தவரை நானும் அக்காவும் எங்களுக்குள் கொலிஜ் அங்கிள் என்போம். நகரின் கிழக்கே வோபர்னில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், அதன் மேல்மாடியில் கொலிஜ் என்று பலகை மாட்டிய ரியூசன். எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவின் பிளாஸ்ரிக் உறையில் சரக்கென்று இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டுக் கதைத்தார்.

"தம்பி, அமெரிக்காவில கெட்டிக்காரப் பிள்ளையள் பள்ளிக்கூடம் போறேல்லை. வீட்டில இருந்து படிக்கினம். ஹோம்ஸ்கூல். புத்தகம் தபாலில வரும், சோதினை தபாலில போகும். ஹைஸ்கூல் டிப்ளோமா கையில வரும். இஞ்ச நாலு வருசம் இழுக்கிறதை உங்கட பிள்ளை ஒரு குளிருக்குள்ள முடிச்சிடுவாள்."

"இஞ்சத்தைய கொலிஜ் எடுக்குமோ அண்ணை? பிள்ளை நேர்சிங் படிக்க ஆசைப்படுறாள்."

கொலிஜ் அங்கிள் வழவழப்பான தாளொன்றில் விரலை வைத்தார். "உதை வாசியுங்கோ. அக்ரெடிட்டெட். விளங்குதே? கிரெடிட் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்."

இங்கே உயர்பள்ளி முடிக்க ஒவ்வொரு பாடமாகக் கிரெடிட் சேர்க்கவேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அக்ரெடிட்டெட் என்றால் கிரெடிட் போட்டாயிற்று. காய்ச்சியது, பொரித்தது மாதிரி முடிந்துபோன வினை. அப்பா அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். பாக்குப் போல அது கடைவாயில் அடங்கிவிட்டது.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். புத்தகப் பெட்டியைத் திறந்தபோது ஒவ்வொரு சயன்ஸ் பாடத்தின் தலையிலும் பைபிள் வசனம். "இஞ்சாருங்கோ, உது வேதக்காரற்ற புத்தகமெல்லே? பிள்ளையை மாத்திப்போடுவினம்." பிறகு யோசித்து, பெட்டிக்கு விபூதி பூசி, பிரிட்ஜுக்கு மேலிருந்த பிள்ளையாருக்குக் கீழே வைத்தா. இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளட்டும்.

புத்தகங்கள் பழசு. அமெரிக்கப் பிள்ளையொன்று பாவித்தவை, அதனால்தான் மலிவு என்றார் கொலிஜ் அங்கிள். பயிற்சிக் கோடுகளில் எல்லாம் பென்சில் விடைகள். அவற்றை அழித்தால்தான் அக்கா எழுதலாம். ஆகவே அந்த ஒக்ரோபர் முழுவதும் பின்னேரங்களில் குடும்பமாக இருந்து அழித்தோம். அப்பா அமெரிக்கச் சரித்திரம். அம்மா மனையியல். நான் அட்சரகணிதம். ஹீற்றர் சீறும். கீழே பார்லிமென்ற் வீதியில் ஸ்ரீற்கார் மணியடித்துத் திரும்பும். றப்பர்த் துகள் மேசையில் கறுப்புப் புழுக்களாகக் குவியும். அம்மா வழித்து உள்ளங்கையில் ஏந்துவா. வசனங்களை மட்டும் அழிக்க விடமாட்டா. "எந்தக் கடவுளெண்டாலும் அழிக்கக்கூடாது." அவை அச்சு எழுத்து, அழியாது என்று சொன்னாலும் கேட்கமாட்டா.

பென்சில் போனது. அழுத்திய தடம் போகவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்தால் விடைகள் வெயிலில் தெரியும் வடுக்கள் போல எழும்பி வந்தன. அப்பா அதையும் சந்தேகப்பட்டார். "நீ பாத்து எழுதுறாயோ?"

"பாத்து எழுதினால் பெயிலப்பா. உது முழுக்கப் பிழை."

பகலில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். சட்டங்கள் இருந்தன. பல்கனிக்கு வரக்கூடாது. ரெலிபோன் இரண்டு தரம் அடித்து நின்று மறுபடி அடித்தால்தான் எடுக்கலாம். கழிவறைத் தண்ணீரைப் பள்ளி விடும் நேரத்துக்கு முதல் இழுக்கக்கூடாது என்றுகூட அம்மா சொன்னதாக ஞாபகம். அக்காவைக் கேட்டால், "உனக்கு எல்லாம் கூடிப்போன ஞாபகம்," என்பாள். வீட்டில் வைத்துப் படிப்பிப்பது இந்த மாகாணத்தில் குற்றமே இல்லை, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதை நான் வளர்ந்தபிறகு அறிந்தேன். குற்றமில்லாத ஒன்றுக்காக நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க ஒளித்திருந்தோம். ஒளித்ததால் அது குற்றமாயிற்று.

நான் பள்ளியால் வரும்போது அக்கா யாருடனோ ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும். உள்ளே போனால் அவள் மட்டும்தான். அழித்த பிள்ளையோடு வாக்குவாதம். பிழையான விடையைத் தடத்திலிருந்து உரத்து வாசித்து, ஏன் பிழை என்று அதற்கு விளங்கப்படுத்துவாள். அந்தப் பிள்ளை தவளையின் இதயத்துக்கு நாலு அறை என்று எழுதி, பக்கத்தில் கண்ணாடி போட்ட தவளை ஒன்றைக் கீறியிருந்தது. அக்கா அதை மட்டும் அழிக்க விடவில்லை. "அவளும் என்னை மாதிரித் தனிய இருந்திருக்கிறாள்," என்றாள்.

பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தாளைச் சாய்த்துக் காட்டினாள். "இதைப் பார். கலர் எண்டதை யூ போட்டு எழுதியிருக்கு. அமெரிக்காக்காரர் யூ போடமாட்டினம். புத்தகத்தில அச்சிலயே இல்லை."

"அப்ப ஆர்?"

"எங்கள மாதிரி ஒராள்." புத்தகத்தை மூடினாள். "அப்பாட்டச் சொல்லாதை. அவரால இன்னொரு சொல்லுத் தாங்கேலாது."

கதவு தட்டப்பட்டது அந்தக் கிழமைதான். மூன்று மெல்லிய தட்டு. அக்கா என் வாயைப் பொத்தினாள். அவள் விரலில் றப்பர் மணம். கதவின் கண்ணாடித் துவாரத்தில் ரீச்சரின் முகம் மீன் போல வீங்கித் தெரிந்தது. கோட்டில் பனி உருகிக்கொண்டிருந்தது. அவர் அக்காவின் பெயரைச் சொன்னார், சரியான ழகரத்தோடு இல்லை, ஆனால் சரியாகச் சொல்லவேண்டுமென்ற முயற்சியோடு. அக்காவின் கை என் வாயில் இறுகியது. எலிவேற்றர் போன பிறகு திறந்தால் கைப்பிடியில் ஒரு பை. லொக்கரில் விட்ட ஜிம் சப்பாத்து, குடை, தமிழ் ஆங்கில அகராதி.

அப்பா சப்பாத்தின் உள்ளங்காலைக் கிளப்பிப் பார்த்தார். குடையை விரித்து உதறினார். "சும்மா ஆரும் இவ்வளவு தூரம் ஏறி வருவினமோ? பிள்ளை வீட்டில நிக்குதெண்டு பாக்க வந்திருக்கிறாள். பிறகு பிள்ளை பறிக்கிற ஒவ்வீசுக்குச் சொல்லுவாள்." அந்தக் குடை பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. நீலக் குடை. பிடியில் ஒரு வாத்துத் தலை. இருந்திருந்து அதை நினைப்பேன்.

மேயில் டிப்ளோமா வந்தது. தங்க முத்திரை. அப்பா அதைச் சட்டம் போட்டு ரிவிக்கு மேலே மாட்டினார். ஜூனில் கழற்றி, துவாயில் சுற்றி, அப்பாவும் அக்காவும் நானும் சப்வேயில் கொலிஜுக்குப் போனோம். அப்பா கலியாணக் கோட்டுப் போட்டிருந்தார்.

அனுமதி ஒவ்வீசில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நடுவயது மனுசி, கறுப்பினப் பெண். சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினா. வாசித்தா. "அக்ரெடிட்டெட் பை ஹூம்?"

"அக்ரெடிட்டெட்," என்றார் அப்பா, சொல்லைத் தொட்டுக் காட்டி.

"யெஸ் சேர். பை ஹூம்?"

யாரால் அங்கீகரிக்கப்பட்டது? அந்தக் கேள்வி அப்பாவிடம் இருக்கவில்லை. காய்ச்சிய பாலுக்கு யாரால் என்று யார் கேட்பார்கள்? அந்த மனுசி குரலைத் தாழ்த்தி, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காமல் விளங்கப்படுத்தினா. அமெரிக்காவில் யாரும் ஒரு பள்ளிக்கூடம் திறக்கலாம். அது நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்ல யாரும் இன்னொரு ஒவ்வீஸ் திறக்கலாம். அந்த ஒவ்வீசை யார் ஏற்றிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டிப்ளோமாவின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு விலாசம்: பள்ளிக்கூடத்துடையது, அதற்குச் சான்று சொன்ன ஒவ்வீசினுடையது. இரண்டுக்கும் ஒரே தபால்பெட்டி.

எங்களால் இதை எடுக்க முடியாது என்றா. ஐ ஆம் சோ சொறி.

திரும்பும் வழியில் அப்பா சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து தங்க முத்திரையை நகத்தால் சுரண்டினார். ஓரம் எழும்பியது. ஸ்ரிக்கர். அக்கா யன்னலில் சுரங்கத்தின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் இன்னும் மூத்ததாக இருந்தது.

அடுத்த நாளே வோபர்ன். அப்பா மேல்மாடிப் படியில் ஏறவில்லை. கொலிஜ் அங்கிள் கீழே கடை வாசலில் மரவள்ளிக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் அவருடைய மகள், அக்காவைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். முருங்கைக்காய் விலை எழுதிய மட்டை அவளுக்கு முன்னால். மட்டையின் மூலையில் கண்ணாடி போட்ட ஒரு தவளை.

அக்கா அதைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"சயன்ஸ் புத்தகத்தில தவளை கீறினது நீங்களோ?"

அந்தப் பிள்ளை வாசலில் நின்ற அப்பாக்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "அழிக்கேல்லையோ?"

"இல்லை."

"எதுவரைக்கும் வந்தனீர்?"

"முடிச்சிட்டன்."

"நானும்," என்றாள் அவள். வாடிக்கையாளர் ஒருவர் வெண்டிக்காய்ப் பையை வைத்தார். அவள் நிறுக்கத் தொடங்கினாள்.

வாசலில் அப்பாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணை, தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?"

கொலிஜ் அங்கிள் கையில் கிழங்கோடு கல்லாப் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சால் என்ர பிள்ளை உதில நிப்பாளோ, தம்பி?"

பஸ்சில் அப்பா, "நடிக்கிறான்," என்றார். மூன்று தரிப்பு கழித்து, "இல்லையோ?" என்றார். எங்களைக் கேட்கவில்லை. நான் இன்றுவரை அந்தத் தரிப்பிலேயே நிற்கிறேன். நாங்கள் புத்தகம் வாங்கமுன்னரே அவள் அவற்றை முடித்துவிட்டுக் கல்லாவில் நின்றிருக்கிறாள். மகளுக்குக் கதவு திறக்கவில்லை என்று தெரிந்தபிறகும் அதே திறப்பை எங்களுக்கு விற்றாரா? அல்லது வேறு பிள்ளைக்காவது திறக்கட்டும் என்று நினைத்தாரா? நம் வயதில் இதற்கு விடை வந்திருக்கவேண்டும். சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். தடம் தெரிகிறது, சொல் தெரியவில்லை.

செப்ரெம்பரில் ஒரு காலை, அப்பா வேலைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு எங்களோடு நடந்தார். அக்காவுக்குத் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கவேண்டி வரும் என்று தெரியும். புத்தகப்பையில் அகராதியும் ஜிம் சப்பாத்தும். பள்ளி வாசலில் அந்த ரீச்சர் நின்றார், கோட்டு இல்லாமல், நான் நினைத்ததைவிட ஒல்லியாக. கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். ஒருமுறை குலுக்கிக் கெட்ட கை. தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ரீச்சர் கையை அக்காவிடம் திருப்பினார். அப்போது அக்கா கதைத்தாள். ஆங்கிலத்தில், நீளமாக, நிற்காமல். உதடு கடிக்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அழித்த பிள்ளையோடு சண்டை பிடித்த அதே குரல். ரீச்சர் சிரித்தார், ஏதோ கேட்டார், அக்கா சிரித்தாள். முந்திய வருடம் அந்தச் சின்ன அறையில் எடுத்த கிரெடிட் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம் என்று ரீச்சர் சொன்னது எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் அக்காவிடம் இருந்த ஆங்கிலக் கிரெடிட் அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு எவ்வளவு விளங்கியதென்று தெரியாது. அவர் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறவர் போல. பிறகு அக்காவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உவ உன்னை எதிலயாம் விடப்போறா?"

அக்கா பையைத் தோளில் ஏற்றினாள்.

"ஸ்பெசலிலதானப்பா. போட்டு வாறன்."